ஐம்பது வயதுக்கு மேல் முதல் காதல் நினைவுக்கு வருவது ஏன்?

உங்கள் கேள்வியின் சாரம் இது: உங்களுக்கு வயது 56. இருபத்தொரு வயதில் ஒருவரை விரும்பினீர்கள். வீட்டார் மறுத்ததும் அவரிடம் விளக்கம்கூடச் சொல்லாமல் நீங்களே விலகிக்கொண்டீர்கள். பிறகு வேறொருவரை மணந்து, பெரிய குறை எதுவும் இல்லாமல் வாழ்ந்துவருகிறீர்கள். கடைசி மகளும் வேலைக்காக வெளியூர் சென்றதிலிருந்து, இத்தனை ஆண்டுகளாக எப்போதாவது மட்டும் எட்டிப்பார்த்த அந்த மனிதரின் நினைவு ஏறக்குறைய தினமும் வருகிறது. ஏன் இப்போது, இது கணவருக்குச் செய்யும் துரோகமா, அவரைத் தேடிப் பார்த்து மன்னிப்புக் கேட்கலாமா, இன்னும் பத்திரமாக இருக்கும் கடிதங்களை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

துரோகம் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்; அதுதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்பது நீங்கள் எழுதியிருக்கும் தொனியிலேயே தெரிகிறது. நினைவு வருவது துரோகம் ஆகாது. அது நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. வந்த நினைவை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்ற இடத்தில்தான் பொறுப்பு தொடங்குகிறது. நினைப்பது ஒரு செயல், தேடிப்போவது வேறொரு செயல். முதலாவது உங்களை மட்டுமே சார்ந்தது, இரண்டாவது குறைந்தது நான்கு பேரைத் தொடும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் சிலர் தேவையில்லாத குற்ற உணர்ச்சியில் உழல்கிறார்கள், வேறு சிலர் தேவையில்லாத துணிச்சலில் இறங்கிவிடுகிறார்கள்.

இனி, ஏன் இப்போது என்ற கேள்வி. நடுவயதைக் கடந்தவர்களிடம் தங்கள் வாழ்க்கையில் நினைவுக்கு வருபவற்றைச் சொல்லச் சொன்னால், அவை எல்லா வயதிலிருந்தும் சமமாக வருவதில்லை. அண்மைக்காலத்து நிகழ்ச்சிகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஏறத்தாழ பத்து முதல் முப்பது வயது வரையிலான காலத்து நினைவுகளே மிகுதியாக இருக்கும். டேவிட் ரூபின் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1986இல் பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து இதைக் காட்டினார்கள். பிறகு வந்த ஆய்வுகளும் இதை உறுதிப்படுத்தியிருக்கின்றன. இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. முதன்முறையாக நேர்பவை ஆழமாகப் பதிகின்றன என்பது ஒன்று. நான் யார், எதை விரும்புகிறேன், எதற்கு அஞ்சுகிறேன் என்ற விடைகள் அந்த வயதில்தான் உருவாகின்றன என்பதால், அக்காலத்து நினைவுகள் நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்ளும் கதையின் அடிப்படையாகிவிடுகின்றன என்பது இன்னொன்று. முதல் காதல் இந்த இரண்டு வகையிலும் பொருந்துவது. ஆகவே, முப்பத்தைந்து ஆண்டுக்கு முந்தைய ஒரு மாலைப்பொழுது நேற்று நடந்ததுபோல் துலங்குவதும், போன ஆண்டு இதே மாதம் என்ன செய்தோம் என்பது நினைவில்லாமல் போவதும் உங்கள் மனத்தின் கோளாறு அல்ல.

அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் எழுதிய ஒரு கட்டுரையில், முதியவர்கள் பழையதையே எண்ணிக்கொண்டிருப்பதை அறிவு மங்குவதன் அடையாளமாகக் கருதிவந்த அன்றைய வழக்கத்தை மறுத்தார். வாழ்ந்த வாழ்க்கையை எடுத்துப் பார்த்து, தீராமல் நின்றுபோனவற்றோடு ஒரு சமாதானத்துக்கு வர மனம் செய்யும் இயல்பான முயற்சி அது என்றார். முடிவு நெருங்குகிறது என்ற உணர்வே அதைத் தூண்டுகிறது என்பது அவர் கருத்து. ஆனால் முதுமை வரும்வரை அது காத்திருப்பதில்லை என்பதை என் ஆலோசனைப் பணியில் பார்த்துவருகிறேன். நெடுநாள் செய்துவந்த ஒரு பொறுப்பு முடியும்போது, அதாவது பிள்ளைகள் வெளியேறும்போதோ, பணி ஓய்வு கிடைக்கும்போதோ, பெற்றோரில் கடைசியாக இருந்தவரும் மறைந்துவிடும்போதோ, அந்தக் கணக்கெடுப்பு தொடங்கிவிடுகிறது. உங்கள் மகள் புறப்பட்டுப் போன மாதத்தையும் இந்த நினைவு தொடங்கிய மாதத்தையும் நீங்களே பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பையன் திரும்பி வந்திருக்கிறான் என்று கொள்வதைவிட, உங்களுக்கு முப்பது ஆண்டுகளில் முதன்முறையாக உட்கார்ந்து நினைக்க நேரம் கிடைத்திருக்கிறது என்று கொள்வதே பொருத்தம்.

வரும் நினைவு எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதையும் சொல்ல வேண்டும். நினைவு என்பது பெட்டியில் வைத்த பொருளை வைத்தபடியே எடுப்பது அல்ல, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டி எழுப்புவது என்று பிரெடரிக் பார்ட்லெட் 1932லேயே விளக்கிவிட்டார். அதோடு, கசப்பான நிகழ்ச்சிகளோடு ஒட்டியிருந்த உணர்ச்சி, இனிய நிகழ்ச்சிகளோடு ஒட்டியிருந்த உணர்ச்சியைவிட வேகமாக மங்குகிறது என்பதும் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரியவந்திருக்கிறது. சண்டை நடந்தது நினைவிருக்கும், அப்போது எரிந்த எரிச்சல் இருக்காது. சேர்ந்து சிரித்தது நினைவிருக்கும், அந்தச் சிரிப்பின் சூடும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். முப்பது ஆண்டுகள் இப்படி வடிகட்டப்பட்ட ஒரு மனிதரோடு, இன்று காலையில் குளியலறை விளக்கை அணைக்க மறந்த கணவரை ஒப்பிட்டால் அது எந்த வகையிலும் நியாயமான போட்டி அல்ல.

அறுபதை நெருங்கிய ஒருவர் ஒருமுறை என்னிடம் தன் இளமைக்காலத் தோழியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கைக்கடிகாரத்தை முகப்பு உள்ளங்கைப் பக்கம் வருமாறு கட்டியிருப்பார் என்றும், நேரம் பார்க்க மணிக்கட்டைத் திருப்பும் அந்த அசைவு இன்றைக்கும் கண்முன் நிற்கிறது என்றும் விவரித்தார். சில வாரங்கள் கழித்து, கல்லூரி நாளில் எடுத்த ஒரு குழுப்படம் அவருக்குக் கிடைத்தது. அதில் அந்தப் பெண்ணின் இரு கைகளும் தெளிவாகத் தெரிந்தன. இரண்டிலும் கடிகாரம் இல்லை. அந்தப் பெண் கடிகாரம் கட்டும் வழக்கமே இல்லாதவர் என்று அப்போதைய நண்பர் ஒருவரும் உறுதியாகச் சொன்னார். கடிகாரத்தை அப்படித் திருப்பிக் கட்டியவர் தன் மூத்த அக்காள் என்பது வெகுநேரம் யோசித்த பிறகே இவருக்குப் புலப்பட்டது. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஏமாற்றத்தைவிட வெட்கமே அதிகம் இருந்தது. இதனால் அவருடைய அன்பு பொய்யாகிவிடவில்லை. ஆனால் அவர் நாள்தோறும் சந்தித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணில் ஒரு பகுதி அவரே சேர்த்துக்கட்டியது. உங்கள் நினைவிலும் இப்படிப்பட்ட கடிகாரங்கள் இருக்கும். எவை என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது என்பதே இதில் உள்ள சிக்கல்.

முடிவு பெறாத வேலைதான் மனத்தில் நிற்கும், ஆகவே முடிவு பெறாத காதலும் நிற்கும் என்ற விளக்கத்தை நீங்கள் எங்கேனும் படித்திருக்கக்கூடும். ப்ளூமா ஸைகார்னிக் 1927இல் வெளியிட்ட சோதனையை வைத்துச் சொல்லப்படுவது அது. பாதியில் நிறுத்தப்பட்ட சிறு வேலைகளை, முடித்த வேலைகளைவிட மக்கள் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள் என்று அவர் கண்டார். பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்த முடிவு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரவில்லை. புதிர் அட்டைகளை அடுக்குவதிலிருந்து ஒரு வாழ்க்கைக் காதலுக்குத் தாவுவதே எனக்கு ஒப்புதல் இல்லாத தாவல். உங்கள் விஷயத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு.

சமூகம் துக்கம் என்று ஒப்புக்கொள்ளாத துக்கங்கள் உண்டு. கென்னத் டோகா 1989இல் இதைப் பற்றி ஒரு நூலே தொகுத்தார். உறவு ஊரறிய இருந்தால்தான் இழப்பும் ஊரறிய இருக்கும். மறைவாக இருந்த உறவு முறியும்போது அதற்கு ஆறுதல் சொல்ல ஒருவரும் வரமாட்டார்கள். இருபத்தொரு வயதில் காதல் முறிந்த ஒருவருக்கு விடுப்பு கிடையாது, துக்கம் விசாரிக்க ஆள் கிடையாது, வீட்டில் வாய்விட்டு அழக்கூட இடம் கிடையாது. முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கேட்டால் தலைவலி என்று சொல்லிச் சமாளிக்க வேண்டும். யாருக்காவது தெரிந்திருந்தாலும், இந்த வயதில் இதெல்லாம் சகஜம், நாளாக ஆகச் சரியாகிவிடும் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடைக்காது. என்னிடம் வந்த ஒரு பெண்மணி, காதல் முறிந்த மறுநாளே தேர்வு எழுதப் போனதையும், அதில் நல்ல மதிப்பெண் வந்ததையும், வீட்டில் எல்லோரும் பாராட்டியதையும் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் சொல்லிக்கொண்டு வந்தார். பாராட்டினார்கள் என்ற இடத்தில்தான் குரல் உடைந்தது. பிரிவைவிட அந்தப் பாராட்டு அவரை அதிகம் தனிமைப்படுத்தியிருந்தது. அதற்கு முன் அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

அப்போது துக்கப்பட இடம் கிடைக்காதவர்கள் பல ஆண்டுகள் கழித்து அதற்கு இடம் கிடைக்கும்போது துக்கப்படுகிறார்கள். உங்களுக்கு நேர்ந்திருப்பதும் பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். அதைக் காதல் மீண்டும் வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டால் கால்கள் அந்த மனிதரை நோக்கி நடக்கத் தொடங்கும். நிலுவையில் இருந்த துக்கம் என்று எடுத்துக்கொண்டால் வேண்டியது அழுகையும், பேச்சும், கொஞ்சம் தனிமையும் மட்டுமே. இரண்டும் உள்ளே ஒன்றுபோலவே வலிக்கும் என்பதால் எளிதில் ஏமாந்துவிடலாம்.

இதில் உங்கள் வருத்தமும் கலந்திருக்கிறது. வீட்டை எதிர்த்து நின்றிருக்கலாமே, ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாமே என்று எழுதியிருக்கிறீர்கள். தாமஸ் கிலோவிச்சும் விக்டோரியா மெட்வெக்கும் 1990களின் நடுவில் வெளியிட்ட ஆய்வுகளில், செய்த தவறுகள் குறுகிய காலத்துக்கு அதிகம் உறுத்துகின்றன என்றும், நீண்ட கால நோக்கில் செய்யாமல் விட்டவையே மிகுதியாக வருத்துகின்றன என்றும் காட்டினார்கள். அதற்கு அவர்கள் கூறும் காரணங்களில் ஒன்று உங்களுக்கு உதவும்: அன்று நம்மைத் தடுத்து நிறுத்திய காரணங்கள் காலம் செல்லச் செல்லச் சிறுத்துவிடுகின்றன. இருபத்தொரு வயதில் சொந்த வருமானம் இல்லாதது, தந்தையின் கோபம், போய்த் தங்க ஓரிடம்கூட இல்லாதது ஆகியவை அன்று மலைபோல் நின்றன. இன்று 56 வயதின் பாதுகாப்பில் இருந்து பார்க்கும்போது அவை கோழைத்தனத்துக்குச் சொன்ன சாக்குகளாகத் தெரிகின்றன. அந்தப் பெண்ணிடம் அப்போது என்ன இருந்தது என்பதை ஒரு தாளில் நேர்மையாக எழுதிப் பாருங்கள். அவளிடம் இவ்வளவு கடுமையாக நடந்துகொள்ள உங்களுக்கு மனம் வராது.

தேடிப் பார்ப்பது பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. அதைச் சொல்வதற்கு முன், பதிவில் உள்ள ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் 1830இல், தன் பதினெட்டாவது வயதில், மரியா பீட்நெல் என்ற பெண்ணைக் காதலித்தார். 1833இல் அது முறிந்தது. புகழின் உச்சியில் இருந்த 1855 பிப்ரவரியில் அந்தப் பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது; அவர் அப்போது வேறொருவரின் மனைவி, இரண்டு மகள்களுக்குத் தாய். டிக்கன்ஸ் அனுப்பிய பதில்கள் இருபது வயது இளைஞனின் கடிதங்கள்போல் கொதித்தன. முன்பொரு முறை சுயசரிதை எழுதத் தொடங்கி, அவரைப் பற்றிய பகுதி நெருங்கியதும் துணிவிழந்து எஞ்சியதை எரித்துவிட்டதாகவும் எழுதினார். தான் பல் போய், பருத்து, கிழடாகி, அழகிழந்துவிட்டதாக மரியா முன்கூட்டியே எச்சரித்தும், அதை நம்பவில்லை என்று பதில் போட்டார். பிறகு சந்தித்தார்கள். அதோடு கடிதங்களின் தொனி மாறியது, சந்திப்பைத் தவிர்க்கச் சாக்குகள் தொடங்கின. அப்போது எழுதிக்கொண்டிருந்த நாவலில், ஓயாமல் பேசும் ஒரு நடுவயதுப் பெண்மணியாக மரியாவின் சாயலில் ஒரு பாத்திரமும் வந்தது. எனக்கு இதில் இரக்கம் மரியா மீதுதான். அவர் எதையும் மறைக்கவில்லை. அவருடைய ஒரே குற்றம், மற்றொருவருடைய நினைவில் இருந்த பெண்ணாக இல்லாமல் போனது. தன் பக்கத்தில் எவ்வளவு வயது ஏறியிருந்தது என்று டிக்கன்ஸ் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவர் 1858இல் மனைவியைப் பிரிந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 1855இல் அவர் அவ்வளவு வேகமாக ஓடியது மரியாவை நோக்கியா, வீட்டைவிட்டா என்ற ஐயம் எழுகிறது.

எல்லாக் கதைகளும் இப்படி முடிவதில்லை. பிரிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் சேர முயன்றவர்களைப் பற்றி உளவியல் பேராசிரியர் நான்சி காலிஷ் 1993 முதல் ஆராய்ந்தார். அவர் திரட்டிய 1001 பேரின் விவரங்களில், ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் அப்போது சேர்ந்தே இருந்தார்கள். இந்த எண்ணை மட்டும் எடுத்துக்காட்டித் தங்களுக்குத் தாங்களே அனுமதி கொடுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் தாமாக முன்வந்து தகவல் தந்தவர்கள். சேர்ந்து வாழ்பவர்கள்தான் இப்படிப்பட்ட ஆய்வுக்கு ஆர்வத்தோடு முன்வருவார்கள். மேலும், வெற்றி கண்டவர்களில் பலர் அந்த நேரத்தில் தனியாக இருந்தவர்கள். இணையம் வந்து, ஒரு பெயரைத் தட்டினால் முகம் தெரியும் நிலை ஏற்பட்ட பிறகு, நல்ல இல்லறத்தில் இருப்பவர்கள் சும்மா நலம் விசாரிக்கலாம் என்று தொடங்கி மீள முடியாமல் சிக்கிக்கொள்வதைக் கண்டு, மணவாழ்க்கையில் இருப்பவர்கள் தொடர்பு கொள்ள வேண்டாம் என்று எச்சரித்தவரும் அதே காலிஷ்தான்.

நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறீர்கள். அந்த எண்ணத்தின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து ஒருவர் வாசலில் வந்து விழும் மன்னிப்பு, அனுப்பியவரின் மனச்சுமையை இறக்கிவிட்டுப் பெற்றவரின் மேல் ஏற்றிவிடக்கூடும். அவர் அதை எப்போதோ கடந்து வந்திருக்கலாம். அல்லது நீங்கள் ஏன் விலகினீர்கள் என்பதற்குத் தானே ஒரு விடை அமைத்துக்கொண்டு அதன் மேல் வாழ்க்கையைக் கட்டியிருக்கலாம். அவர் மனைவிக்கு உங்கள் பெயரே தெரியாமல் இருக்கலாம். அவர் உங்களிடம் விளக்கம் கேட்டு வரவில்லை. ஆகவே தேட வேண்டாம் என்பதே என் கருத்து. தற்செயலாகச் சந்திக்க நேர்ந்து, அவரே அந்தப் பேச்சை எடுத்தால், அப்போது சொல்வதற்கு இரண்டு வரி போதும். அவருடைய படங்களை யாருக்கும் தெரியாமல் இணையத்தில் தேடிப் பார்ப்பதையும் நான் தேடலில்தான் சேர்ப்பேன்.

அவருக்குச் சொல்ல வேண்டியதை எழுதி அனுப்பாமல் வைத்துக்கொள்ளலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980களில் தொடங்கிய ஆய்வுகளில், மனத்தை அழுத்தும் ஒன்றைப் பற்றி நாளுக்குப் பதினைந்து நிமிடம் என நான்கு நாள் தொடர்ந்து எழுதச் சொன்னார்கள். எழுதும் நேரத்தில் மனம் கனத்தாலும் பின்னர் பலருக்கு ஓரளவு நன்மை தெரிந்தது. பெரிய அற்புதத்தை எதிர்பார்க்க வேண்டாம். எழுதும்போது அவரைப் பற்றி மட்டுமன்றி அந்த வயதில் நீங்கள் எப்படி இருந்தீர்கள், எதையெல்லாம் அப்போதே கைவிட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். கைவிட்டவற்றில் சிலவற்றை யாருடைய அனுமதியும் இல்லாமல் இன்றைக்கே திரும்ப எடுக்கலாம். அதே நேரத்தில், ஒரே கேள்வியை முடிவில்லாமல் சுற்றிச் சுற்றி எண்ணுவது மனச்சோர்வை நீட்டிக்கும் என்பது சூசன் நோலன்-ஹோக்சிமாவின் ஆய்வுகளில் தெளிவானது. தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல், இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுவதும் மனம் இருண்டே இருந்தால், காதலைப் பற்றிய ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு சில நேரம் பழைய காதலின் வேடத்தில் வரும்.

கணவரிடம் சொல்ல வேண்டுமா என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது உள்ளே இருக்கிறது. மணத்துக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தால், மகள் போன பிறகு பழையதெல்லாம் நினைவுக்கு வருகிறது என்று இயல்பாகச் சொல்லுங்கள். வெறிச்சோடிய வீடு அவரையும் பாதித்திருக்கும். அறவே தெரியாது என்றால், குற்ற உணர்ச்சியைக் குறைத்துக்கொள்வதற்காக மட்டும் திடீரென்று சொல்ல வேண்டாம். அவரிடமிருந்து எதையாவது மறைக்கத் தொடங்கியிருக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கைபேசியைக் கவிழ்த்து வைக்கும் நாள் வந்தால் விஷயம் நினைவைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

கடிதங்களைப் பற்றி அவசரப்பட வேண்டாம். மனம் கலங்கியிருக்கும் இரவில் எடுக்காமல், பகலில், தனியாக இருக்கும் நேரத்தில் ஒருமுறை முழுவதும் படியுங்கள். நினைவில் உள்ள மனிதருக்கும் அந்தக் கையெழுத்துக்குரிய இளைஞனுக்கும் உள்ள வேறுபாடு அப்போது தெரியவரும்; சில வரிகள் சலிப்பூட்டவும் கூடும், அதற்காக வருந்த வேண்டியதில்லை. படித்த பிறகு குறைந்தது ஒரு மாதமாவது கழித்து முடிவு செய்யுங்கள். அவை உங்களிடம் இருந்தாலும், அவற்றில் உள்ளவை ஒருவரை மட்டுமே எண்ணி அவர் எழுதியவை; ஆகவே உங்கள் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் பீரோவைத் திறந்து படிக்கும்படி விட்டுவிடுவது அவருக்கும் நியாயமல்ல. அழிப்பதென்றால் உங்கள் கையாலேயே செய்யுங்கள். வைத்துக்கொள்வதென்றால் உறையை ஒட்டி, பிரிக்காமல் அழித்துவிடவும் என்று மேலே எழுதி, நீங்கள் முழுமையாக நம்பும் ஒருவரிடம் அது இருக்கும் இடத்தை மட்டும் சொல்லிவையுங்கள்.